சுவர்ப் பக்கத்துப் பெட்டி

பக்கீர் முகைதீனுக்கு உலகத்தில் பயம் என்று இருந்தால் அது ஒன்றே ஒன்றுக்குத்தான். பாம்பு, கடல், பொலிஸ் எதுவும் அவரை அசைக்காது. மனைவி றபீக்காவுக்குக்கூட அளவாகத்தான் பயப்படுவார். அவருடைய பயம் முழுக்க அவருடைய வலது காதைப் பற்றியது.

காரணமில்லாமலும் இல்லை. மாவடிப்பள்ளிப் பக்கம் வயலோரமாக இருக்கிற ஓர் அரிசி மில்லுக்கு மீசை அரும்பிய வயதில் மெஷின் ஓட்டப் போனவர், தாடி நரைத்த பிறகும் அங்கேதான் நிற்கிறார். நெல் கொட்டுகிற சத்தம், உமி பறக்கிற சத்தம், பெல்ட் சுற்றுகிற சத்தம், இவ்வளவுக்கும் மேலால் ஆட்கள் கத்திக் கதைக்கிற சத்தம். மெஷின் எப்போதும் அவருடைய வலது கைப் பக்கம். கொஞ்சக் காலமாக அந்தக் காதுக்குள் ஒரு சில்வண்டு வந்து குடியேறியிருந்தது. அவர் எழும்பினால் அதுவும் எழும்பும். பொறுக்க முடியாமல் ஒருநாள் காது வைத்தியர் ஒருவரிடம் போனார். வலது காதில் கேட்கும் சக்தி கொஞ்சம் குறைந்திருப்பது போலத் தெரிகிறது, முழுச் சோதனை செய்துதான் எதையும் சொல்லலாம் என்று வைத்தியர் ஒரு நாள் குறித்துக் கொடுத்தார். நம்முடைய ஆள் அதோடு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். காது ஒரேயடியாகவும் போகுமா என்று கேட்டார். சிலருக்கு இரவு படுத்து விடியும்போது போயிருப்பதும் உண்டு என்று, கேட்ட கேள்விக்கு உள்ள பதிலை வைத்தியர் சொன்னார். அவ்வளவுதான். சோதனைக்குக் குறித்த நாள் வந்தது, போனது. பக்கீர் முகைதீன் அந்தத் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

மில்லில் வேலை செய்கிற மனிதனுக்குக் காது மந்தமானால் குடிமுழுகிப் போகுமா என்று யாரும் கேட்கலாம். மற்றவர்களுக்கு முழுகாது. இவருக்கு முழுகும். ஏனென்றால் இவர் ஒரு பாட்டுப் பித்தர், அதுவும் ஊரில் வேறு ஒருவருக்கும் இல்லாத பித்து.

அந்தப் பித்தை அவருக்குப் பிடிக்க வைத்தவர் நளீம். றபீக்காவின் தங்கை ஹாஜறாவைக் கட்டியவர், ஆகவே சகலன். இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும். றபீக்காவின் வாப்பா இரண்டு மகள்மாருக்கும் கல்முனைக்குடியில் ஒரே வளவில் இரண்டு வீடு கட்டினார். கல்லும் சீமெந்தும் மிச்சமாகட்டும் என்று நடுவில் ஒரே சுவராக எழுப்பினார். அந்தச் சுவரும் கூரை ஓடுகளை முட்டாமல் மேலே ஒரு முழ இடைவெளியோடு நின்றுவிட்டது. அதனால் இந்த வீட்டில் தும்மினால் அந்த வீட்டில் 'யர்ஹமுக்கல்லாஹ்' சொல்வார்கள். இரண்டு மாப்பிள்ளைமாரும் சண்டைபிடிக்காமல் காலம் தள்ளியதற்கு அந்த இடைவெளியும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒளித்து வைக்க எதுவும் இல்லாத இடத்தில் பகை வைத்து என்ன செய்ய?

நளீம் கல்யாணத்துக்கு முந்தி அறுகம்பேயில், அலைச்சறுக்க வருகிற வெள்ளைக்காரர்கள் தங்குகிற ஒரு விடுதியில் சமையல் வேலை செய்தவர். அங்கே ஒரு பருவம் முழுக்க இவருடைய மீன் ஆணத்தைச் சாப்பிட்டுத் தீர்த்த ஒருவன், போகும்போது அன்பாக ஒரு கசெற்றைக் கையில் வைத்துவிட்டுப் போனான். உறை இல்லை, பேரும் இல்லை. மாப்பிள்ளையாக வந்தபோது நளீம் அதையும் உடுப்புக்குள் சுற்றிக் கொண்டுவந்தார்.

முதல்முறை அதைக் கேட்டபோது நாடா சிக்கிவிட்டது என்றுதான் பக்கீர் முகைதீன் நினைத்தார். பாட்டு ஓரிடத்தில் மெதுவாகப் போகும், திடீரென்று பிசாசு பிடித்ததுபோல ஓடும், நின்று யோசிக்கும், ஓர்கன் தனியாக எங்கோ போய் அலைந்துவிட்டு வரும், பாடுகிறவன் வாயைத் திறப்பதற்கே ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கலாம். ஒரு பாட்டே கசெற்றின் ஒரு பக்கம் முழுக்க ஓடும். கல்யாண வீட்டில் போட்டால் சனம் சஹன் சோற்றில் கை வைக்காமல் எழும்பிப் போய்விடும். ஆனால் மறுநாள் மில்லில் நிற்கும்போது அந்த ஓர்கன் அவருடைய தலைக்குள் தன்பாட்டில் ஓடியது. பின்னேரம் வந்து, இன்னொருக்கால் போடச் சொன்னார். அன்றைக்குத் தொடங்கியதுதான்.

அதற்குப் 'புறோகிறசிவ் றொக்' என்று பேர் இருப்பதும், அந்த வெள்ளைக்காரக் கூட்டத்தின் பேரும், இவர்கள் இருவருக்கும் நெடுங்காலம் தெரியாது. பக்கீர் முகைதீனின் மகன் நிப்றாஸ் டோஹாவுக்கு வேலைக்குப் போய், அங்கிருந்து போனில் தேடிக் கண்டுபிடித்துச் சொன்னான். சொன்ன பிறகும் இருவருக்கும் அது வாய்க்குள் நுழையவில்லை. 'அறுகம்பேக் கசெற்' என்ற பேரே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

நளீமைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவரைப்போலச் சத்தமான மனிதரை அந்த ஒழுங்கைத் தெரு கண்டதில்லை. மெதுவாகக் கதைக்க அவருக்குத் தெரியாது. ரகசியம் சொன்னால் பள்ளிவாசல் வரைக்கும் கேட்கும். பாட்டு ஓடினால் கதிரைக் கையில் தாளம், கதிரை இல்லாவிட்டால் வாளியில் தாளம், வாளியும் இல்லாவிட்டால் சகலனின் முதுகில். அப்படிப்பட்ட மனிதர் ஒரு காலையில் தன்னுடைய கடையைத் திறக்கப் போனவர், கடைப் பூட்டில் கை வைத்தபடியே சரிந்தார். மாரடைப்பு என்றார்கள். அன்று அசர் தொழுகைக்குள் அடக்கியாகிவிட்டது.

அதற்குச் சில நாள் முன்னால்தான் நிப்றாஸ் ஒரு சேதி சொல்லியிருந்தான். அந்தப் பழைய இசைத்தட்டின் மூலப்பதிவுகளை எடுத்து, ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாகப் பிரித்து, அறையின் நாலு பக்கத்தாலும் வரும்படி புதிதாகக் கலந்து வெளியிட்டிருக்கிறார்கள். முன்னால் மூன்று ஸ்பீக்கர் பெட்டி, பின்னால் இரண்டு பெட்டி, நடுவில் ஆள். ஊருக்கு வருகிற ஒருவரிடம் தட்டையும் பெட்டிகளையும் எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறேன் என்றான். சகலன்மார் இருவரும் கதிரையை எங்கே போடுவது என்று அன்றைக்கே வாதாடத் தொடங்கிவிட்டார்கள். நடுவில் இருக்கிற ஆள் ஒருவர்தானே. சாமான் வந்து இறங்கியபோது வாதாட ஒருவர்தான் மிச்சம்.

பக்கீர் முகைதீன் பெட்டிகளைப் பிரிக்கவில்லை. நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடியும்வரை அவை உறையோடு கட்டிலுக்குக் கீழே கிடந்தன. ஹாஜறா பக்கத்து வீட்டில் இத்தா இருந்தாள். புருஷன் மௌத்தான பெண், குறித்த காலம் முடியும்வரை வெளியில் இறங்காமல், அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்க வேண்டும். பக்கீர் முகைதீன் அக்காவின் புருஷன் என்றாலும் மார்க்கத்தில் அவரும் அந்நிய ஆண்தான். எனவே சோறு கொண்டுபோவது, குளிக்கத் தண்ணீர் பார்ப்பது எல்லாம் றபீக்கா. வளவு முழுக்க எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு நடமாடினார்கள்.

கத்தம் முடிந்து ஒரு வியாழக்கிழமை, பாண்டிருப்பிலிருந்து வயரிங் வேலை செய்கிற ஜதுசன் வந்து வயர் இழுத்துப் பெட்டிகளைப் பூட்டிக் கொடுத்தான். வலது பின்மூலைப் பெட்டி, அந்த நடுச்சுவரோடு ஒட்டி ஒரு ஸ்டூலில் ஏறியது. எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்க்க 'உஸ்' என்று ஓர் இரைச்சலை ஒவ்வொரு பெட்டியாக அனுப்பினான். முன்னால், இடதால், பின்னால், வலதால் என்று அது அறையைச் சுற்றி வந்தது. பக்கீர் முகைதீனுக்கு ஐந்தும் கேட்டன. அந்த நிம்மதியில் அவர் ஜதுசனுக்குத் தன் கையாலேயே தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

ஏனென்றால் அவர் மனதுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. நிப்றாஸ் போனில் சொல்லியிருந்தான்: மூன்றாவது பாட்டில் எல்லாம் அடங்கிப்போன பிறகு ஒரு புல்லாங்குழல் வரும் வாப்பா, உங்கட வலது தோளுக்குப் பின்னால, ஆரோ வந்து நிக்கிற மாதிரி. கசெற்றில் அந்தக் குழல் இரைச்சலுக்குள் புதைந்துபோய்க் கிடக்கும். இப்போது தனியாக வரும். வைத்தியரும் வேண்டாம், சோதனையும் வேண்டாம், அந்தக் குழல் கேட்டால் காது இருக்கிறது, கேட்காவிட்டால் இல்லை என்று அவர் தனக்குத்தானே தீர்ப்பு எழுதி வைத்துவிட்டார். காதுக்கு இப்படியொரு பரீட்சை வைக்கலாம் என்று எந்த வைத்தியரும் யோசித்திருக்க மாட்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, சாப்பிட்டு, கதிரையை அறையின் நடுவில் போட்டு உட்கார்ந்தார். சத்தத்தைத் தாழ்த்தி வைத்துத் தட்டைச் சுழலவிட்டார். முன்னால் நடுவில் பாடுகிறவன், அவனுக்கு இரண்டு பக்கமும் மேளமும் கிற்றாரும். இவ்வளவு காலமும் ஒரு சின்னப் பெட்டிக்குள் நசுங்கிக் கிடந்தவர்கள் எழும்பி ஆளுக்கொரு மூலையில் போய் நின்றதைக் கேட்க அவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அந்த ஓர்கன் அலையத் தொடங்கியது. இடது முன்னால் தொடங்கி, இடது காதைக் கடந்து, முதுகுக்குப் பின்னால் போனது. போனது போனதுதான். கொஞ்ச நேரம் எங்கேயும் இல்லை. பிறகு வலது முன்னால் திடீரென்று எழும்பியது. அடுத்த சுற்றிலும் அப்படித்தான். முதுகுக்குப் பின்னால் வலது பக்கம் ஒரு குழி இருந்ததுபோலவும், ஓர்கன் ஒவ்வொரு முறையும் அதற்குள் விழுந்து எழும்புவது போலவும் இருந்தது.

மூன்றாவது பாட்டு வந்தது. எல்லாம் அடங்கியது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். குழல் வரவில்லை. அறை வெறுமனே இருந்தது. அவருடைய காதுக்குள் சில்வண்டு மட்டும் கத்தியது.

எழும்பிப்போய் அந்தப் பெட்டியில் காதை வைத்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? குழந்தைப் பிள்ளையும் செய்கிற வேலை. ஆனால் முந்தின நாள் அதே பெட்டியில் சத்தம் கேட்டவர் அவர். பெட்டி ஒரு இரவில் பழுதாகாது, காது ஒரு இரவில் போகும் என்று வைத்தியரே சொல்லியிருக்கிறார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பதிலுக்குப் பயந்தவன் கேள்வியைக் கேட்க மாட்டான். அவர் தட்டை நிறுத்தினார். குசினியிலிருந்து றபீக்கா, எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நல்லம் என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தார்.

அடுத்து வந்த நாட்கள் அவருக்கு நரகம். இடது காதைப் பொத்திக்கொண்டு வலது காதுக்குப் பக்கத்தில் விரலைச் சொடுக்கிப் பார்த்தார். கேட்டது. கிட்டத்துச் சத்தம் கேட்கும், தூரத்துச் சத்தம்தான் போயிருக்கும் என்று அதற்கும் ஒரு வியாக்கியானம் கண்டுபிடித்தார். மில்லில் கூட வேலை செய்கிற சாமித்தம்பி வலது பக்கமாக வந்து இரண்டு தரம் கூப்பிட்டும் திரும்பவில்லை. காதைப் பற்றி யோசித்துக்கொண்டு நின்றதால்தான் திரும்பவில்லை, ஆனால் அதையும் அவர் அத்தாட்சியாகவே எடுத்துக்கொண்டார். பள்ளிவாசலில் இடது காது ஆட்களின் பக்கம் இருக்கட்டும் என்று வரிசையின் வலது ஓரத்துக்குப் போய் நின்றார். வீட்டில் றபீக்கா வலது பக்கம் வந்தால் மெல்லத் திரும்பி இடதைக் கொடுத்தார், இல்லையென்றால் எழும்பிப் போனார். பதிலைத் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பேச்சையே குறைத்தார்.

இனி றபீக்காவின் கதை. அவளுக்கும் அந்த நாட்கள் நிம்மதியாக இருக்கவில்லை, ஏனென்றால் குற்றவாளி அவள்தான். வியாழக்கிழமை அந்த 'உஸ்' இரைச்சல் நடுச்சுவரில் மோதியபோது அவளுக்குத் தங்கையின் நினைவுதான் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தங்கை வெள்ளை உடுத்து இத்தா இருக்கிறாள், இந்தப் பக்கம் மேளமும் கிற்றாருமா? ஊர் வாய் என்ன சொல்லும்? அதைவிட ஹாஜறா என்ன நினைப்பாள்? ஆனால் புருஷனிடம் வேண்டாமென்று சொல்லவும் அவளுக்கு மனமில்லை. சகலன் போன நாளிலிருந்து மனிதர் பாதியாகிப் போயிருந்தார், அந்தப் பெட்டிகளைப் பிரித்த அன்றுதான் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம். அவள் ஒரு நடுவழி கண்டுபிடித்தாள். வெள்ளிக்கிழமை அவர் ஜும்ஆவுக்குப் போன நேரம், சுவரோடு ஒட்டியிருந்த பெட்டியின் வயரைப் பின்னால் கழற்றி, மடித்து ஒளித்து, மேலே ஒரு லேஸ் துணியும் போட்டுவிட்டாள். ஐந்து பெட்டியில் ஒன்று குறைந்தால் யாருக்குத் தெரியப் போகிறது?

ஆகவே புருஷன் முகம் கொடுக்காமல் எழும்பிப் போனபோது, வயர் விஷயம் பிடிபட்டுவிட்டது என்று முடிவு கட்டினாள். கேட்டுத் தொலைக்கிறாருமில்லை, ஏசுகிறாருமில்லை. இப்படி மௌனமாக இருக்கிற கோபத்தை அவள் முப்பது வருட வாழ்க்கையில் பார்த்ததில்லை. வயரைத் திருப்பிப் பூட்டவும் பயம், சிவப்பு எது கறுப்பு எது என்று தெரியாது, கரண்ட் அடித்துவிடும். எனவே தனக்குத் தெரிந்த வழியில் சமாதானத்துக்கு வந்தாள். ஒருநாள் கணவாய்ப் பிரட்டல், ஒருநாள் எருமைத் தயிரும் தேனும், பெருநாளுக்கு மட்டும் அவிக்கிற வட்டிலப்பம் ஒரு செவ்வாய்க்கிழமையில். பக்கீர் முகைதீன் வட்டிலப்பத்தைப் பார்த்தார். இவளுக்குத் தெரிந்துவிட்டது, காது போன மனிசன் என்று பரிதாபப்படுகிறாள் என்று நினைத்தார்.  பாதியை வைத்துவிட்டு எழும்பினார். அவளோ, வட்டிலப்பத்துக்கே இறங்காத கோபமா என்று கலங்கிப்போனாள். ஒரே பாயில் படுத்துக்கொண்டு இரண்டு பேரும் இரண்டு வேறு சங்கதிகளுக்காகப் பெருமூச்சு விட்டார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் றபீக்கா சோறு கொண்டு தங்கையிடம் போனாள். ஹாஜறா சோற்றுக் கோப்பையை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, நேராக ஒரு கேள்வி கேட்டாள். போன வியாழன் சுவருக்குள்ளால் 'உஸ்' என்று ஒரு சத்தம் வந்தது. மச்சான் அந்தப் பாட்டைப் போடப் போகிறார் என்று, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கதிரையை இழுத்துச் சுவரோடு போட்டுக்கொண்டு இருந்தாள். தூரத்தில் ஏதோ மெல்லக் கேட்டது. சுவர்ப் பக்கத்தால் ஒன்றும் வரவில்லை. ஏன்?

உனக்காகத்தான் கழற்றி வைத்தேன் என்று றபீக்கா சொன்னாள். நல்ல காரியம் செய்த முகத்தோடுதான் சொன்னாள்.

"எனக்காகவா?" ஹாஜறாவின் குரல் உயர்ந்தது. "இவர் மௌத்தானதே எனக்குப் போதும் ராத்தா. நீங்க எல்லாரும் எதுக்குக் கூடச் சேர்ந்து மௌத்தாகின? வாறவங்க போறவங்க ஒருத்தரும் வாய் துறந்து கதைக்கிறல்ல. நீங்க கோப்ப வெக்கிற சத்தமும் எனக்குக் கேக்கிறல்ல. இந்த வீட்டுக்குள்ள என்ட மூச்சு மட்டும்தான் எனக்குக் கேக்குது. அந்த மனிசன்ட சத்தத்துக்குள்ள இருந்து பழகினவ நான். எனக்கு விசராக்கும் போல இரிக்கி."

றபீக்காவுக்கு அப்போதுதான் விளங்கியது. இவ்வளவு நாளும் தங்கைக்கு மருந்து என்று கொடுத்ததே அவளுக்கு நோயாகியிருக்கிறது. மார்க்கம் வீட்டோடு இருக்கத்தான் சொன்னது, ஊமையாக இருக்கச் சொல்லவில்லை என்று ஹாஜறா பிறகு கொஞ்சம் தணிந்து சொன்னாள். அந்த வயரைப் பூட்டச் சொல்லுங்கள் ராத்தா, மெல்லமாகப் போட்டாலும் பரவாயில்லை, சுவருக்குள்ளால் வரட்டும் என்றாள்.

றபீக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தாள். வந்து பார்த்தால், ஜும்ஆவிலிருந்து அப்போதுதான் திரும்பிய புருஷன் நிலத்தில் குந்தியிருந்து இடது முன்பெட்டியைக் காட்போர்ட் பெட்டிக்குள் இறக்கிக்கொண்டிருந்தார். மகனுக்கே திருப்பி அனுப்பிவிடுவோம், கேட்காத காதுக்கு ஐந்து பெட்டி என்னத்துக்கு என்று அன்று தொழுகையிலேயே முடிவெடுத்திருந்தார். றபீக்காவுக்கு அது கோபத்தின் உச்சமாகத் தெரிந்தது.

"இஞ்ச பாருங்க, கோவம் என்னோட எண்டா என்னோட கதைங்க. சாமானக் கட்டாதீங்க. நான்தான் கழட்டின."

"எத?"

"அந்த மூலைப் பெட்டிட வயர. சுவரோட இரிக்கே, அது. போன வெள்ளிக்கிழம நீங்க ஜும்ஆக்குப் போன நேரம்."

அவர் இன்னொருக்கால் சொல்லச் சொன்னார். அவள் இன்னொருக்கால் சொன்னாள். மூன்றாம் முறையும் கேட்டார். பிறகு எழும்பிப் போய் லேஸ் துணியை எடுத்தார், பெட்டியின் பின்னால் கை விட்டார். மடித்துச் சொருகியிருந்த வயரின் இரண்டு செப்பு நுனியும் அவர் விரலில் குத்தின. அந்த இடத்திலேயே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்.

றபீக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏசுவார் என்று நின்றாள். அவர் ஏசவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று மட்டும் முணுமுணுத்தார், அதையும் திரும்பத் திரும்ப. சிவப்பைச் சிவப்பிலும் கறுப்பைக் கறுப்பிலும் பார்த்துப் பார்த்து அந்த இரண்டு நுனியையும் பூட்டினார். இறக்கிய பெட்டியைத் திருப்பித் தூக்கி வைத்தார். றபீக்கா ஒழுங்கைப் பக்கத்து யன்னலைச் சாத்தினாள், ஊர் வாய் ஊர் வாய்தானே. சத்தத்தை அளவாக வைத்துத் தட்டைப் போட்டார்.

ஓர்கன் புறப்பட்டது. இடது காதைக் கடந்தது, முதுகுக்குப் பின்னால் போனது, அங்கே விழாமல் வலது மூலைக்கு நடந்து வந்து, வலது காதைத் தொட்டுக்கொண்டு முன்னால் போனது. சுற்றி முடித்தது. பக்கீர் முகைதீன் கதிரையின் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். இன்னும் தீர்ப்பு வரவில்லை. மூன்றாவது பாட்டு வந்து, எல்லாம் அடங்கி, அறை காலியானது. முதலில் வந்தது குழலில்லை, ஊதுகிறவன் மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம். வலது தோளுக்குப் பின்னால், ஒரு சாண் தூரத்தில். பிறகுதான் குழல் எழும்பியது. கசெற்றில் ஒருநாளும் கேட்காத அந்த மூச்சு அவருக்குக் கேட்டது. வலது காதால்தான் கேட்டது. சில்வண்டும் கத்திக்கொண்டுதான் இருந்தது, கத்தட்டும்.

அவருக்கு அழுகை வந்தது. ஒளிக்கவில்லை. பெரிய மனிதர் தாடி நனைய அழுதார்.

பிற்பாடு அவர் வைத்தியரிடம் போனதையும் இங்கேயே சொல்லிவிடலாம். அடுத்த கிழமையே றபீக்கா கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனாள். வலது காதில் கேள்வி சற்றுக் குறைந்துதான் இருந்தது, ஆனால் ஒரேயடியாகப் போகிற அளவில் இல்லை. மில்லில் காதுக்கு மூடி போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். போட்டுக்கொண்டுதான் நிற்கிறார். சாமித்தம்பி கூப்பிட்டால் இப்போது உண்மையாகவே கேட்பதில்லை, தோளில் தட்ட வேண்டியிருக்கிறது.

அன்றைக்கு, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஏன் அழுகிறீர்கள் என்று றபீக்கா கேட்டாள். அவர் சொன்னார். சில்வண்டு, வைத்தியர், இரவோடு இரவாகப் போகிற காது, குழல் வைத்த பரீட்சை, பள்ளிவாசல் வரிசையின் ஓரம், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கொட்டினார். கேட்கக் கேட்க அவளுடைய முகம் மாறியது. முதலில் பாவம் பார்த்தவள், முடிவில் இடுப்பில் கை வைத்தாள்.

"காது செவிடாப் போச்செண்டு ஒரு கிழம முழுக்க நெனச்சிட்டு இருந்த. என்னட்ட ஒரு வார்த்த சொல்லல்ல. நான் உங்களுக்குக் கோவமெண்டு நெனச்சி, தேங்கா திருவித் திருவிக் கை வெந்து, வட்டிலப்பம் அவிச்சிட்டு இருக்கன்."

"அது கோவத்துக்கு அவிச்சதா?" பக்கீர் முகைதீன் வாயைத் திறந்தபடி பார்த்தார். "நான் செவிடனுக்கு அவிச்சதெண்டெல்லோ நெனச்ச."

றபீக்கா அவரை முறைத்துப் பார்க்கத்தான் பார்த்தாள். முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்து அடக்கப் பார்த்தாள், அதுவும் முடியவில்லை. வெடித்துச் சிரித்தாள். அழுத கண்ணோடு அவரும் சிரித்தார். செவிடனுக்கு வட்டிலப்பம் என்று அவர் மறுபடி சொல்ல, அவள் நிலத்தில் குந்திவிட்டாள். பயம் இறங்குகிற சிரிப்பு அது, லேசில் நிற்காது. குழல் முடிந்து மேளம் ஏறியது, அதற்கு மேலால் இவர்கள் சிரித்தார்கள். நளீமின் ஜனாஸா புறப்பட்ட நாளுக்குப் பிறகு அந்த வளவுக்குள் எழும்பிய முதல் சிரிப்பு என்பது அப்போதுதான் றபீக்காவுக்கு உறைத்தது. அவள் சட்டென்று வாயைப் பொத்தினாள். அவரும் கையை நீட்டிப் பாட்டை நிறுத்தினார். இருவரும் குற்றம் செய்த பிள்ளைகளைப்போல நடுச்சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கதிரை இழுபட்டது. பிறகு ஹாஜறாவின் குரல், கூரை ஓட்டுக்குக் கீழே இருந்த இடைவெளியால் வந்தது.

"ஏன் நிப்பாட்டின ராத்தா? சிரிங்க. நான் கேட்டுக்கிட்டுத்தான் இரிக்கன்."